கழுத்தைக் காட்டச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை அசர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல், ஊரில் ஒரு மரணச் செய்தி, வந்தது. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கு ஆள் உடனே பிடிபடவில்லை. கடைசியில் "மிட்வைப் ரஹ்மா" என்றபோது கையிலிருந்த கிளினிக் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வருமென்று தெரிந்த செய்திதான். தெரிந்திருந்தது ஒன்றுக்கும் உதவவில்லை.

அக்கா முறை வைத்து நான் ராத்தா என்று கூப்பிடும் ரஹ்மாவும் நானும் கல்முனையில் ஒரே கிளினிக்கில் பதினெட்டு வருடம் மிட்வைப்களாக, கர்ப்பிணிகளைக் கவனிக்கும் மருத்துவிச்சிகளாக, இருந்தோம். வீடு பார்க்கப் போனால் அவர் நேரே குசினிக்குள் நுழைந்து உப்புப் போத்தலைத்தான் தேடுவார். உப்பைக் கழுவிவிட்டுப் போடுவது எங்கள் பெண்களின் சுத்தம். கல்லுப்பில் மண் கிடந்த காலத்துப் பழக்கம், அயடின் சேர்த்த உப்பு பைக்கற்றில் வந்த பிறகும் விடவில்லை. "கழுவின தண்ணியோட அயடினும் போகிதுகா" என்று வீட்டுக்கு வீடு சொல்வார். ஒரு வீட்டுக்காரி எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டி, தேநீரும் தந்து அனுப்பினாள். நாங்கள் வாசலைத் தாண்டவில்லை, உள்ளே உப்புக் கழுவும் சத்தம் கேட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ராத்தா சிரித்துவிட்டு, அடுத்த மாதமும் அதே வீட்டுக்குப் போனார்.

கிளினிக்குக்கு வரும் கர்ப்பிணிகளிடம் ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொடுத்து, முக்காட்டை விலக்கி விழுங்கச் சொல்வார். விழுங்கும்போது, அயடின் குறைந்தால் வரும் வீக்கம் ஏதும் கழுத்தில் ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். கூச்சப்படுகிறவர்களிடம், "மூடுறது மானத்துக்கு மகள், நோவுக்கில்ல. எனக்கிட்டக் காட்டு" என்பார். அட்டாளைச்சேனையிலிருந்து மருமகளாக வந்த ஒருத்திக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அவளுடைய தைரொயிட் நோயை முதலில் சந்தேகித்து டொக்டரிடம் அனுப்பியவர் ராத்தாதான். மூன்றாவது பிள்ளையோடு அவள் ராத்தாவின் மையித்து வீட்டுக்கு, கடைசியாக முகம் பார்க்க, வந்திருந்தாள்.

போன நோன்புக்கு முன் ராத்தாவின் குரல் கட்டியது. ஓயாமல் கதைப்பதால்தான் என்று எல்லோரும் நினைத்தோம். இனியாவது ஊர் நிம்மதியாக உப்புக் கழுவட்டும் என்று நான் கிண்டல் வேறு செய்தேன். அந்தக் கிண்டலை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பெருநாள் கழிந்து ஒரு நாள், தேநீரை விழுங்க முடியாமல் கோப்பையைக் கீழே வைத்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கதவைச் சாத்திவிட்டு, அவர் பிறருக்குச் சொல்வதையே அவரிடம் சொன்னேன். முக்காட்டை விலக்கினார். விழுங்கச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"எவ்வளவு நாளா ராத்தா?"

"ரெண்டு வரிசம் இரிக்கும். ஊரார்ர கழுத்தெல்லாம் பாத்தன். என்ட கழுத்தப் பாக்கச் சொல்ல வெக்கமா இரிந்திச்சி."

கொழும்புக்குக் கொண்டுபோனோம். புற்று மூச்சுக்குழாய் வரை போய்விட்டது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் படித்தது எதுவும் அந்தக் கட்டிலடியில் வேலைக்கு ஆகவில்லை. கரண்டியால் தண்ணீர் பருக்கினேன். இறங்குகிறதா என்று அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருடமும் பக்கத்தில் இருந்துவிட்டு அப்போதுதான் பார்த்தேன்.

அவரை அறிந்தவர்களே, அவருடைய கப்றுக் குழியில் அல்லாஹ் வெளிச்சம் தரட்டும். அவருடைய தண்ணீர்க் கிளாஸை நான் எடுத்து வைத்திருக்கிறேன். நேற்றுக் கிளினிக் முடிந்ததும் அதில் தண்ணீர் நிரப்பி, கதவைச் சாத்தி, கூட வேலை செய்யும் மிட்வைப்பைக் கூப்பிட்டு என் முக்காட்டை விலக்கினேன். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.