சாக்கு மூட்டை மேல் சித்தி

எங்கள் தெருவில் மழைக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: போட்டிக் கடை. வானம் கறுத்தால் போதும், டீசல் மெக்கானிக் தன் ஷெட்டிலிருந்து தலையை நீட்டி, "அக்கா, உனக்குப் போட்டிக் கடை திறக்கப் போறாங்க" என்பார். அக்கா என்றது என் சித்தியை. அந்தத் தெருவில் வண்டிகளுக்கு வாட்டர் வாஷ் செய்கிற ஒரே கடை அவளுடையது.

கிண்டலுக்குக் காரணம் உண்டு. தெரு முழுக்கப் பட்டறைகள். வெயில் காலம் முழுதும் சேர்ந்த பிசுக்குச் சாமான்கள், கியர்பாக்ஸ் மூடி, செயின் கவர், எண்ணெய் பிடிக்கிற தட்டு எல்லாம் மூலையில் குவிந்து முதல் மழைக்காகக் காத்திருக்கும். மழை வரும்போல் இருந்தால் அவற்றின் மேல் மண்ணெண்ணெய் தடவி, சோப்புத்தூளைத் தூவி, தெருவில் பரப்பிவிடுவார்கள். கைநோகாமல் மழை கழுவிக் கொடுக்கும். கழுவிய தண்ணீர் தெருக்கோடியில் இருக்கிற கம்பி மூடி வழியாக உள்ளே இறங்கிவிடும். அது எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. சாக்கடைக்குத்தான் போகும், சாக்கடைத் தண்ணீரை எங்கோ பெரிய தொட்டிகளில் விட்டுச் சுத்தம் செய்கிறார்கள், நமக்கென்ன என்று இருந்தார்கள். சித்தி வண்டி கழுவிய தண்ணீரும் அதே வழியில்தான் போனது, அவளும் அப்படித்தான் இருந்தாள்.

சித்தி குள்ளம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்திலிருந்து தொங்கும் பிளாஸ்டிக் ஏப்ரன், கையில் தண்ணீர்த் துப்பாக்கி. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், இவளுக்கு இறங்கும். அவள் மெதுவாகப் பேசத் தொடங்கினால் சித்தப்பா செருப்பைத் தேடுவார்.

பிங்க் நுரை வந்த வாரம்தான் எல்லாம் தொடங்கியது. வண்டி முழுக்க ரோஜா நிறத்தில் நுரை பூத்து நிற்கும் புது ஷாம்பு. ஊரில் வேறு எந்தக் கடையிலும் அப்போது அது கிடையாது. பிள்ளைகள் நுரைக்குள் நிற்கும் வண்டியோடு படமெடுத்துக்கொண்டார்கள். சித்தி பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள். அந்த வாரமே ஒரு நாள் காலை சித்தப்பாவின் சர்க்கரைக்காக இரண்டு பேரும் ஏரிக்கரையில் நடக்கப் போனார்கள். கரையில் ஒரு சிமென்ட் குழாய் வாய் திறந்து கிடக்கும். அதன் கீழே, கோரைப்புல் நெடுக, பிங்க் நிறத்தில் நுரை தொங்கிக்கொண்டிருந்தது.

நடக்க வந்தவர்கள் கூடி நின்று பார்த்தார்களாம். எந்த ஃபேக்டரிக்காரன் வேலையோ என்று ஒருவர் திட்டினாராம். சித்தப்பா அவள் முழங்கையைப் பிடித்து, பேசாமல் வந்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று இழுத்திருக்கிறார். அவள் கையை உதறிவிட்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: "ஃபேக்டரி இல்லங்க. என்னோடதுதான். என் கடையில இருந்து வந்திருக்கு."

வீட்டுக்கு வந்து சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "கேட்காமலே வாக்குமூலம் குடுத்த ஒரே ஆள் இந்த ஊர்ல நீதான்."

"பின்ன? அதுல என் பேர் எழுதாத குறைதான்" என்றாள்.

அன்று அவள் வண்டி கழுவவில்லை. கம்பி மூடியின் பக்கத்தில் குந்தி உள்ளே எட்டி எட்டிப் பார்த்தாள். சாக்கடைக் குழாய் வேறு, இது வேறு. இது மழைத்தண்ணீருக்கு மட்டும் போட்ட வழி. நடுவில் எந்தத் தொட்டியும் இல்லை, எவரும் சுத்தம் செய்யவில்லை, தெருவில் ஊற்றினால் நேராக ஏரி. பொறியாளர் யாரும் வந்து விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பாட்டில் ஷாம்பு விளக்கிவிட்டது.

அடுத்த வாரம் கடை வாசலை உடைத்தாள். இரண்டு வண்டி நிற்கிற இடத்தில் ஒன்றைத் தோண்டிக் குழியாக்கி, நடுவில் தடுப்புகள் கட்டினாள். கழுவுகிற தண்ணீர் அதில் விழுந்து நிற்கும். மண் அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும். எண்ணெயை அகப்பையால் அள்ளி டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் வாங்க வருபவரிடம் கொடுப்பாள். தெளிந்த தண்ணீர் கழிவறைக் குழாய் வழியாக நிஜமான சாக்கடைக்குப் போகும். வருமானத்தில் பாதி குழிக்குள் போய்விட்டது என்று சித்தப்பா சொன்னார். சொல்லிக்கொண்டேதான் சிமென்ட் குழைத்தார்.

தெருவுக்கு அது பிடிக்கவில்லை. ஒருத்தி மட்டும் சுத்தமாக இருந்தால் மற்றவர்கள் எல்லாம் அழுக்கு என்று ஆகிவிடுகிறதே. டீசல் மெக்கானிக் அந்தக் குழிக்கு நீச்சல் குளம் என்று பேர் வைத்து, மீன் எப்போது விடுவாய் என்று தினமும் கேட்டார். கட்டட ஓனருக்கு வேறு கோபம். தெருவில் எல்லாக் கடையும் அவருடையது, அவர் வீடும் தெருக்கோடியில்தான். தன்னைக் கேட்காமல் தன் தரையை உடைத்துவிட்டாள் என்று கொதித்தார். மழைக்காலம் தொடங்குவதற்குள் குழியை மூடு, இல்லையென்றால் கடைச் சாவியைக் கொடு என்று சொல்லிவிட்டார். அவளுக்கு வேறு கடை கிடையாது. இந்த வாடகைக்கு ஊரில் எங்கேயும் கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். சித்தி கேட்டுக்கொண்டே அகப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

முதல் மழை ஒரு மத்தியானம் வந்தது. காலையிலேயே காற்றில் மண்வாசம். தட்டுகள் தெருவுக்கு வந்துவிட்டன. கறுத்துக் கிடந்த இரும்பின் மேல் சோப்புத்தூள் வெள்ளையாக, யாரோ மொட்டைமாடியில் எதையோ காயப்போட்டதுபோல இருந்தது. சித்தி ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கினாள். குழாய் ஏரிக்குப் போகிறது, தட்டையெல்லாம் உள்ளே எடுங்கள், வேண்டுமானால் என் குழியில் கொண்டுவந்து கழுவுங்கள், நானே கழுவித் தருகிறேன் என்றாள். போட்டிக் கடை மேல் பொறாமை என்று சிரித்தார்கள். டீசல் மெக்கானிக் மட்டும் சிரிக்காமல், எங்க அப்பா இப்படித்தான் கழுவினார், அவர் ஒன்றும் ஏரியைக் கொன்றுவிடவில்லை என்றார்.

அவள் திரும்பி வந்து மரக்கடையில் மரத்தூள் சாக்குகளைக் கேட்டு வாங்கினாள். கம்பி மூடியின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

மழை கொட்டியது. தட்டுகளில் விழுந்து தெறித்தது. தெருவெல்லாம் நுரையும் எண்ணெயுமாக ஓடிவந்து அவள் பூட்ஸில் முட்டி நின்றது. போக வழியில்லாத தண்ணீர் வந்த வழியே ஏறத் தொடங்கியது. மயில்கழுத்து நிறங்கள் அதன் மேல் நெளிந்தன. பார்க்க அழகாக இருந்தது என்பதுதான் கொடுமை.

டீசல் மெக்கானிக்கின் ஷெட் வாசலில் தண்ணீர் நுழைந்ததும் அவர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "எந்திரிக்கா. கடைக்குள்ள வருது."

"வரட்டும். உன்னுதுதானே, உன்கிட்டயே வருது."

"விளையாடாத. இன்ஜின் பிரிச்சு வெச்சிருக்கேன் கீழ."

"பிரிச்சதைத் தூக்கி மேல வை. அப்படியே தட்டையும் உள்ள எடுத்து வை."

சித்தப்பா ஒரு குடையோடு வந்து அவள் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றார். அவள் பக்கமா, அவர்கள் பக்கமா என்று யாரோ கேட்டதற்கு, நான் குடைப் பக்கம் என்றார்.

அப்போதுதான் ஓனர் வந்தார். அவர் வீட்டு வாசலில், தரையோடு தரையாக, குடிதண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடி இருந்தது. தண்ணீர் அதற்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

"ஏம்மா, உனக்குப் பைத்தியமா? எந்திரி. இல்லைன்னா சாவியக் குடுத்துட்டுக் கிளம்பு."

சித்தி ஏப்ரன் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள். அவர் எதிர்பார்க்கவில்லை. கையில் வாங்கிக்கொண்டு, அவள் எழுவாள் என்று ஓர் அடி விலகினார். அவள் எழுந்திருக்கவில்லை.

"சாவி குடுத்தாச்சு சார். இப்ப நான் உங்க வாடகைக்காரி இல்ல, தெருவுல உட்கார்ந்திருக்கிற ஒரு பொம்பளை." குரல் நன்றாக இறங்கியிருந்தது. மழையில் அவர் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "இந்தத் தண்ணி உங்க தொட்டிக்குள்ள போகக்கூடாதுன்னா, அந்த ஏரிக்குள்ள மட்டும் ஏன் போகணும்? தட்டையெல்லாம் உள்ள எடுக்கச் சொல்லுங்க. நான் சொன்னா சிரிக்கிறாங்க."

ஓனர் தொட்டி மூடியைப் பார்த்தார். ஒரு நீல எண்ணெய் வளையம் மெல்லச் சுழன்று அதை நோக்கி நகர்ந்தது. அவர் திரும்பித் தெருவைப் பார்த்துக் கத்திய கத்தலில், அவர் தொண்டையில் இத்தனை சத்தம் இருந்ததா என்று எல்லோரும் திகைத்தார்கள். தட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. டீசல் மெக்கானிக்கினுடையது கடைசியாகப் போனது, நிறைய முணுமுணுப்போடு.

அதற்குப் பிறகும் அவள் உடனே வழிவிடவில்லை. ஒரு சாக்கைப் பிரித்து மரத்தூளைத் தண்ணீர் மேல் இறைத்தாள். தூள் எண்ணெயைக் குடித்துக் கறுத்துக் கட்டியானது. அதைத் துடைப்பத்தால் ஒதுக்கி வாளி வாளியாக அள்ளினாள். ஓனர் தொட்டி மூடியின் மேல் ஒரு காலை வைத்துக் காவல் நின்றார். அள்ளி முடித்த பிறகே மற்ற சாக்குகளை இழுத்தாள். எல்லா எண்ணெயும் போய்விடவில்லை, கொஞ்சம் உள்ளே இறங்கியது. அதைப் பார்த்து அவள் பல்லைக் கடித்தது, வாளியோடு பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

மறுநாள் காலை கடை பூட்டிக் கிடந்தது. சித்தி பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து பூட்டிய ஷட்டர் முன்னால் நின்றாள். சித்தப்பா ஓனரிடம் போய்ப் பேசுகிறேன் என்றார். வேண்டாம் என்றாள். குழியை மூடச் சொல்லாமல் சாவி வந்தால் வரட்டும், இல்லையென்றால் தெருவிலேயே வாளி வைத்துக் கழுவுவேன் என்றாள். ஒரு துளியும் மூடிக்குள் போகாது, அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியும் என்றாள்.

டீசல் மெக்கானிக்குக்கு அன்று வண்டிகள் டெலிவரி. சர்வீஸ் முடிந்த வண்டியைக் கழுவாமல் கொடுத்தால் எவனும் வாங்கமாட்டான். கொஞ்ச நேரம் பார்த்தார், தலையைச் சொறிந்தார், பிறகு ஓனர் வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை தெரியாது. சாவியோடு வந்து ஷட்டரைத் தானே தூக்கிவிட்டார். ஓனர் அவளை இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. குழியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"உனக்காக ஒண்ணும் போகல. எனக்கு வண்டி கழுவணும்" என்று சாவியை நீட்டினார் டீசல் மெக்கானிக்.

சித்தி வாங்கிக்கொண்டாள். வண்டியைக் குழியோரம் நிறுத்தச் சொல்லிவிட்டு, அவரைத் தாண்டி நேராக அவர் ஷெட்டுக்குள் நடந்தாள்.

"எங்கக்கா போற?"

"தட்டு எங்க இருக்குன்னு பார்த்துட்டு வந்து கழுவுறேன்" என்றாள், திரும்பாமலே.