வரியில்லா தேசத்துக்கு ஒரு பேனர்

என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் கேமரா மாட்டுகிறவர். ஏணியில் நின்று ஒயர் இழுக்கும் இந்த மனுஷனைப் பார்த்தால், இவர் சட்டைப் பையிலிருக்கும் போனுக்குள் ஒரு வீடு கட்டுகிற அளவுக்குப் பணம் இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானே நம்பவில்லை. ஊரடங்கில் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தபோது, பொழுது போகாமல் கிரிப்டோ வாங்கிப் போட்டிருக்கிறார். நான் அரசு மருத்துவமனையில் நர்ஸ். அப்போது ஒப்பந்த வேலை. வீட்டுக்கு வந்தால் படுக்கத்தான் தெம்பிருக்கும், புருஷன் போனில் என்ன வாங்குகிறார் என்று துருவுவதற்கா இருக்கும்?

அது மறந்தே போய், சில வருஷம் கழித்து ஒருநாள் விலை எகிறியது. மனுஷன் சந்தோஷப்பட்டது ஒரு சாயங்காலம்தான். மறுநாளே வரியைப் பற்றிப் படித்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். லாபத்தில் முப்பது சதவீதம் வரி. இன்னொரு காயினில் நஷ்டமாகியிருந்தாலும் அதைக் கழிக்க முடியாதாம்.

“பத்து ரூபா லாபம்னா மூணு ரூபா அவங்களுக்காம். கஷ்டப்பட்டது நானு” என்றார்.

“இன்னா கஷ்டப்பட்டீங்க? படுத்துக்கினு போனைத்தான நோண்டுனீங்க” என்றேன்.

அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். அன்றிலிருந்து எனக்குத் தெரியாமல் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். துபாயில் இருக்கும் ஒரு தமிழ் ஆலோசகர், எப்போது பார்த்தாலும் காருக்குள் உட்கார்ந்தே பேசுவார். அங்கே போய்க் குடியேற வேண்டும், வருஷத்தில் பாதிக்கு மேல் தங்க வேண்டும், வரிக் கணக்குக்கு இவர் அந்த நாட்டுக்காரர்தான் என்று சான்றிதழ் வாங்க வேண்டும், அப்புறம் விற்றால் காசு முழுசாகக் கைக்கு வரும் என்று அவர் சொல்ல, இவர் தலையாட்டிக்கொண்டே கேட்பார். கடைசியில் என்னிடம் வந்து, “ஒரு வருஷம்தான். நீயும் கெளம்பு. லீவு போட்டுடேன்” என்றார், ஏதோ பாண்டிச்சேரி பீச்சுக்குக் கூப்பிடுவதுபோல.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷக்கணக்காக ஒப்பந்தத்திலேயே இழுத்தடித்து, அப்போதுதான் என்னை நிரந்தரமாக்கியிருந்தார்கள். ஆர்டர் வந்த அன்று வார்டு முழுக்க லட்டு கொடுத்தவள் நான்.

“பர்மனென்ட் ஆகி லட்டு கூட செரிக்கல, அதுக்குள்ள லீவா? நீங்க போங்க, நான் வர்ல” என்றேன்.

“சரி, நான் மட்டும் போறேன்” என்றார். ‘போகாதீங்க’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று நான் வீம்பாக இருந்தேன். ‘நீ இல்லாம போவ மாட்டேன்’ என்று ஒரு வார்த்தை வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. அந்த ஆலோசகர் மூலமாகவே விசா வந்தது, டிக்கெட் பார்க்க ஆரம்பித்தார். நாங்கள் இரண்டு பேரும் சாப்பாடு, தண்ணீர் கேன், கேஸ் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் சொந்தக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். கூப்பிட்டு விருந்து வைக்காவிட்டால் பிற்பாடு பேச்சு வரும். எங்கள் இருவர் வீட்டுச் சொந்தமும் விழுப்புரம் பக்கம் கெடார் என்கிற ஊரைச் சுற்றியே இருப்பதால், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு வீட்டில் நாட்டுக்கோழி. நாங்களும் சண்டையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, சிரித்த முகமாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டோம். திரும்பும்போது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பை, கேப்பை மாவு ஒரு பை, கருவாடு ஒரு பொட்டலம். இதையெல்லாம் விமானத்தில் ஏற்றினால் விமானம் எழும்புமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

விருந்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் தம்பி இருக்கிறானே, அவன் பிறந்த நாளுக்கும் பேனர் வைப்பான், காதுகுத்துக்கும் வைப்பான். மாமா துபாய் போகிறார் என்றால் கையைக் கட்டிக்கொண்டிருப்பானா? கெடாரில் பஸ் நிற்கிற இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பேனர். என் வீட்டுக்காரர் ஜென்மத்தில் போடாத கோட்டும் டையும் போட்டுக்கொண்டு நிற்கிறார். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் மாதிரி ஒரு பெரிய தங்கக் காயின். மேலே விமானம். பக்கத்தில் எங்கள் கல்யாண போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த நான், மாலையோடு. ‘வரியில்லா தேசத்துக்குக் குடியேறும் எங்கள் கிரிப்டோ சிங்கமே, குடும்பத்துடன் சென்று வருக, வென்று வருக’ என்று எழுத்து. கீழே என் தம்பியும் அவன் கூட்டாளிகளும் வரிசையாகக் கைகூப்பிக்கொண்டு நின்றார்கள்.

விழுப்புரத்தில் எங்கள் ஆடிட்டருக்கு அந்தப் படம் யார் மூலமாகவோ போய்விட்டது. அவர் இவரைப் போனில் அழைத்தார்.

“தம்பி, போறது தப்பில்ல. சட்டத்துல எடமிருக்கு. ஆனா இங்கத்து கம்பெனியில வாங்கின காயின், அங்க போனாலும் இங்க வரி கேக்கலாம், கேக்காமயும் போவலாம்னு நான் ஒங்களுக்கு ஏற்கெனவே சொன்னேன். இதுல நீங்களே வரிக்காகத்தான் போறேன்னு கோட்டு போட்டுக்கினு பஸ் ஸ்டாப்புல நின்னா நான் இன்னா பண்றது?”

இவர் என் தம்பியைக் கூப்பிட்டுக் கத்தினார். அவனுக்குக் கடைசிவரை தன் தப்பு புரியவில்லை. “பேனர் வைக்கலன்னா ஊருல நம்மள மதிப்பாங்களா மாமா? கோட்டு ஒங்களுக்கு நல்லாத்தான் கீது” என்றான். நான் சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

மறுநாள் என் சிரிப்பும் போய்விட்டது. ‘குடும்பத்துடன்’ என்று போட்டிருந்தான் அல்லவா? அந்தப் படம் மருத்துவமனைக்கும் வந்து சேர்ந்திருந்தது. “வேலைய விட்டுட்டு துபாய் போறியாமே, ஒரு வார்த்த சொல்லலியே” என்று ஹெட் நர்ஸ் கேட்டார். “அவருதாங்க போறாரு, நான் போவல” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல, அது உண்மைதான் என்பது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. இந்த மனுஷன் நிஜமாகவே போகப்போகிறார். நான் வேலை முடிந்து வந்து பூட்டைத் திறந்தால் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஆலோசகர் அழைத்தார். நான் மறுநாளைக்கு யூனிபார்ம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவர் தரையில் பெட்டியைத் திறந்து துணிகளைப் பரப்பிக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“இந்தியாவுல ஒங்களுக்குப் பிடிப்பு எவ்ளோ கொறைவா இருக்கோ, அவ்ளோ நல்லது சார். சொந்த வீடு?”

“இல்ல சார், வாடகைதான்.”

“காலி பண்ணிடுங்க. நிலம்?”

“அப்பா பேர்ல கொஞ்சம். எம்பேர்ல இல்ல சார்.”

“சூப்பர். கடை?”

“மூடிடறேன் சார்.”

“வண்டி?”

“வித்துடறேன் சார்.”

வாத்தியாருக்குப் பதில் சொல்கிற பையன் மாதிரி இவர் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டுக்கொண்டே வந்தார். நான் இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்தேன்.

“மேடம் கூட வர்றாங்கதானே?”

“இல்ல சார். அவளுக்கு இங்க கவர்மென்ட் வேலை.”

“அப்போ சிக்கல் சார். மனைவி இங்க இருந்தா, ஒங்க வாழ்க்கையே இங்கதான்னு நாளைக்குக் கேப்பாங்க. ஒண்ணு பண்ணுங்க. யாராவது கேட்டா, நாங்க பிரிஞ்சு வாழறோம்னு சொல்லிடுங்க. சும்மா பேச்சுக்குத்தான். எல்லாரும் பண்றதுதான்.”

‘சரிங்க சார்’ என்ற பதிலுக்காக நான் காத்திருந்தேன். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார்? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் சார். கடை இல்ல, வண்டி இல்ல, வீடு இல்லன்னு சொல்லிட்டேன். இவ இல்லன்னு எப்படி சார் சொல்றது? எதுருலயே நின்னுக்கினு இருக்கா.”

அந்த ஆள் ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். “பேஜாரு புடிச்ச வேலை சார் இது, எனக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டு இவர் போனை அணைத்தார். அடுத்த நிமிஷமே ஆடிட்டரை அழைத்து, இங்கேயே விற்றுவிடுகிறேன், முப்பது சதவீதத்தை எப்படிக் கட்டுவது என்று கேட்டார்.

எத்தனை நாளாக மனசுக்குள் சண்டைக்கு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அழுகைதான் வந்தது. தேய்த்துக்கொண்டிருந்த யூனிபார்மிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“வரி கட்டப்போறது நானு. நீ இன்னாத்துக்கு அழுவற?” என்றார்.