ஒட்டுமீசைக்கு ஒரு வணக்கம்

சலூன்காரர் தெருநாடகத்தில் தலைவர் வேடம் கட்டினால், அசல் தலைவரைப் பெற்றவளே ஏமாந்துபோவாள். அன்று நாடகத்தில் ஊர்க்காரியாக நடித்த தையல்காரம்மா, "தண்ணி எப்ப வரும்?" என்று கேட்க, அவர் ஒட்டுமீசையை முறுக்கி, "கேள்வி கேக்கறது எவன்டா?" என்று உறுமியதுதான் தாமதம், தலைவரின் ஆட்கள் இரும்புக்கம்பியோடு புகுந்தார்கள். மேளக்காரரின் முன்பற்கள் பறந்தன. தையல்காரம்மாவின் மண்டை உடைந்தது. சலூன்காரரை நோக்கிக் கம்பியை ஓங்கிய அடியாள் மட்டும், மீசையைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கம்பியைக் கக்கத்தில் இடுக்கி, "வணக்கம்ண்ணே" என்று குனிந்துவிட்டான்.

தெரு விழுந்து விழுந்து சிரித்தது.

"மீசைய எடுய்யா, உன்னைக் கொல்லணும்!" என்று அவன் கத்தினான்.

"தலைவர் மேலயே கைவைப்பியாடா?" என்றார் சலூன்காரர்.

அவ்வளவுதான். மீசையைத் தோலோடு பிய்த்தான். சவரக்கத்தி பிடிக்கும் கையை ஒடித்தான்.

மறுவாரம் அசல் தலைவர் ஓட்டுக் கேட்டு வந்தார். தலையில் போட்ட கட்டோடு தையல்காரம்மா அதே கேள்வியைக் கேட்டார்.

"கேள்வி கேக்கறது எவன்டா?" என்று தலைவர் மீசையை முறுக்கினார்.

அன்று அடிதடியில் சொல்லாமல் நின்றுபோன அடுத்த வசனம், பலமுறை நாடகம் பார்த்த தெருவுக்கு மனப்பாடம். எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்: "ஓட்டுப் போடறவங்க!"

யாரை அடிப்பதென்று தெரியாமல் அடியாள் விழித்தான். கழுத்தில் கட்டிய துணியில் தொங்கும் கையோடு சலூன்காரர் தன் மனைவியிடம் முணுமுணுத்தார்: "முறுக்குறது சரியில்ல. நான் இன்னும் நல்லா முறுக்குவேன்."