சாயம் கழுவிய கை

காலை ஆறு மணி பத்து நிமிடம். கிணற்றடியில் முதலில் கண்ணில் பட்டது சிவப்பாக ஓடிய தண்ணீர். அண்ணன் புளியால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் விரல்களைப் பார்த்தேன். இரண்டு கையிலுமாக ஆறு விரல்களின் நுனியும் வலது புறங்கையில் ஒரு திட்டும் சுண்ணாம்பில் தோய்த்ததுபோல் வெளுத்திருந்தன.

"சாயத்தோட தோலும் போயிருச்சுடா," என்று சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

அண்ணன் செல்லூரில் ஒரு சாயப்பட்டறையில் நூல் தோய்ப்பவன். வருடம் முழுக்க அவன் கை மணிக்கட்டுவரை அரக்குச் சிவப்பு. அடுத்த மாதம் திருவாதவூரிலிருந்து பெண்ணின் அப்பா மாப்பிள்ளை பார்க்க வர இருந்ததால்தான் அன்றே அப்படித் தேய்க்கத் தொடங்கியிருந்தான். வெள்ளை எப்போது வந்தது என்று அவனுக்கே தெரியாது.

நான் அப்போது ஒரு பத்திரிகைக்கு ஊர்ச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். பழக்கதோஷத்தில், யார் என்ன சொன்னாலும் குறித்துக்கொண்டேன். நூல் வெளுக்கும் பவுடர் தோலைத் தின்றுவிட்டது என்றார் பட்டறைக்காரர். மீன் தின்ற அன்றைக்கே பால் குடித்ததால் என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுக்காரி குஷ்டம் என்றாள். அதன் பிறகு நாங்கள் தொட்ட வாளியை அவள் தொடவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லி, திட்டின் மேல் ஊசியால் குத்தினார். துள்ளினான்.

"உணர்ச்சி இருக்கு. குஷ்டமில்லை, யாருக்கும் ஒட்டாது."

"பிறகு ஏன் வந்துச்சு?" என்று கேட்டேன்.

"தெரியலை," என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

நாட்டு வைத்தியர் வெண்திட்டுக்குக் கார்போகரிசி விதையை அரைத்துக் கொடுத்தார். பூசிக்கொண்டு இளவெயிலில் கையை நீட்டி உட்கார வேண்டும். ஒரு மண்டலம் சாயம் படக்கூடாது. அண்ணன் பட்டறைக்குப் போகவில்லை. புறங்கை கொப்புளித்தது. அது ஆறிய இடத்தில் கடுகளவு கறுப்புப் புள்ளிகள் இரண்டு தெரிந்தன. மருந்து வேலை செய்கிறதா, புண்ணின் தழும்பா? எனக்குப் பிடிபடவில்லை.

பெண்ணின் அப்பா வரும் நாளில் மண்டலம் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

"சாயத் தொட்டியில ஒரு தடவ கைய முக்கிட்டு வாடா. கல்யாணம் முடியட்டும், பெறகு மருந்து போட்டுக்கலாம்," என்றாள் அம்மா. அண்ணன் போய் முக்கிக்கொண்டு வந்தான்.

வந்தவர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். "தொழில்காரன் கைன்னா இப்புடித்தான் இருக்கணும்."

இலை போட்டாயிற்று. அண்ணன் உட்காரவில்லை. கிணற்றடிக்குப் போய்ப் புளியை எடுத்தான்.

"எம்புட்டு நேரம்டா கழுவுவ? போதும், வா!" என்று உள்ளிருந்தே அதட்டினாள் அம்மா.

ஈரக் கையை அவர் முன்னால் நீட்டினான். "பாத்துக்கங்க மாமா."

"என்ன மாப்ள இது?"

"குஷ்டமில்லங்கிறாரு டாக்டரு. பவுடருங்கிறாங்க பட்டறையில. எனக்குத் தெரியல."

அவர் விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்க்கவில்லை.

"பவுடர்தான். சுண்ணாம்புக் காளவாசல்ல வேல பாத்தவன் கையி நான் பாக்காததா? பவுடர்னா பொண்ணு குடுக்க எனக்கென்ன? உக்காருங்க, சோறு ஆறுது."

பரிசத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய வாரம் அண்ணனுக்கு முடி வெட்டியபோது, இடது காதின் பின்னால், பவுடர் படாத இடத்தில், அரிசியளவு வெள்ளை இருந்தது.