ஐந்து வருஷமா, மூன்று வருஷமா?

வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவர்களுக்குக் கை ஓரிடத்தில், மனசு வேறிடத்தில். அந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். தொண்ணூறுகளில் திருவனந்தபுரம் வஞ்சியூரில் ஒரு சீனியர் வக்கீலிடம் நான் டைப்பிஸ்ட். வக்கீலாக வேண்டும் என்று கொள்ளை ஆசை. நம்மூர் பிளஸ் டூ மாதிரியான ப்ரீ டிகிரி முடித்திருந்ததால் ஐந்து வருஷச் சட்டப் படிப்பில் நேராகச் சேரலாம். ஆனால் பகல் வகுப்பு, வேலையை விடவேண்டும். இல்லாவிட்டால் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் பி.ஏ., பிறகு மாலை வகுப்பில் மூன்று வருஷம். எதைப் பிடிப்பது என்றுதான் பொழுதெல்லாம் கனவு.

அந்நியாயக்காரர்

சாலை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த நாகர்கோவில்காரர் ஒருவர், பக்கத்துக் கடைக்காரர் தன் சுவரை இடித்துவிட்டார் என்று கேஸ் கொடுக்க வந்தார். மலையாளத்தில் வழக்கு மனுவுக்கு ‘அந்நியாயம்’ என்று பேர், போடுகிறவர் ‘அந்நியாயக்காரன்’.

வெளியே மழை. நான் அதைப் பார்த்தபடி மனசுக்குள் ஒரு பெரிய கேஸை வாதாடிக்கொண்டிருந்தேன். அந்த மயக்கத்திலேயே, “அந்நியாயக்காரர் இங்க கையெழுத்துப் போடுங்க” என்றேன். மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“சுவர இடிச்சவன் அவன், அநியாயக்காரன் நானாக்கும்?”

ஆணியில் தொங்கிய கவுன்

கோர்ட்டிலிருந்து வந்ததும் சீனியர் தன் கறுப்பு கவுனை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போவார். ஃபேன் காற்றில் அது மெல்ல ஆடும். ஒரு மத்தியானம் எடுத்துப் போட்டுக்கொண்டேன். கண்ணை மூடினால் கோர்ட் முழுக்க என்னையே பார்க்கிறது. திறந்தால் வாசலில் சீனியர்! எனக்கு உயிரே போய்விட்டது. அவர் மலையாளமும் தமிழுமாகச் சொன்னது இவ்வளவுதான்:

“நீளம் கூடுதலாணு. தையக்காரன்கிட்ட குடு, இல்லெங்கில் நீ வளரு, கேட்டோ!”

முடிவு

வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அதைச் சொல்ல வெட்கம். “அஞ்சு வருஷம் ரொம்ப ஜாஸ்தி சார், மூணு வருஷத்துலயே சேர்றேன்” என்று சீனியரிடம் அளந்தேன். பி.ஏ.வுக்கு ஆகும் மூன்று வருஷத்தைச் சௌகரியமாக மறந்துவிட்டேன். அவருக்கு என் வீட்டு நிலைமை தெரியும். கேஸ் கட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

“மூணும் மூணும் ஆறாணு, மோளே. சாரமில்ல, பரவாயில்ல, ஆறு வருஷம் எனக்கு நல்ல டைப்பிஸ்ட் கிட்டும்.”

ஆக, ஐந்து வருஷம் ஜாஸ்தி என்று ஆறு வருஷத்தில் வக்கீலானவள் நான். கணக்கு வராதவர்களுக்கும் சட்டம் வரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.