பக்கம் லாபம்

செல்லக்கண்ணு, பாலசுந்தரத்துக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய் தர வேண்டியிருந்தது. தொண்ணூற்றாறாம் வருஷம் தை மாதம் வாங்கிய பணம். சீட்டு இல்லை, சாட்சி இல்லை, வட்டிப் பேச்சும் இல்லை. பெரம்பலூர் வெங்காய மண்டியின் பின்பக்கம், சாக்கு அடுக்கின் மறைவில், மண்டிக் கணக்கர் பாலசுந்தரம் மடித்துக் கொடுத்தார். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த செல்லக்கண்ணு துண்டில் முடிந்துகொண்டார். "அறுவடைக்குள்ள தந்துடுறேங்கய்யா" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ அறுவடை வந்து போனது.

அந்தப் பணத்தில்தான் பழைய டயர் வண்டி ஒன்று வந்தது. வண்டி லாரியானது. ஒரு லாரி மூன்றானது. பிறகு துறையூர் ரோட்டில் சொந்த மண்டி, அதற்கு மேலே மாடி, மாடிக்கு மேலே இன்னொரு மாடி. வாலிகண்டபுரத்தில் கையகல நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதருக்கு இது சும்மா நடக்கிற காரியமா? பட்டம் வாங்கியவர்கள் பத்துப் பேரை வரிசையாக நிறுத்துங்கள். ஒரு வெங்காய மூட்டையை முதுகில் வாங்கியதுமே எடை சொல்ல ஒருத்தருக்கு முடியுமா? செல்லக்கண்ணு சொல்வார். தராசில் போட்டுப் பார்த்தால் அரைக் கிலோ முன்னே பின்னே இருக்காது.

அவர் எங்கே போனாலும் சொல்கிற வாசகம் ஒன்று உண்டு. "எவன்கிட்டயும் எட்டணா கை நீட்டி வாங்காம மேல வந்தவன் நான்." கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னார், பேங்க் மேனேஜரிடம் சொன்னார், பேரன் பள்ளிக்கூட விழாவில் மைக்கைப் பிடித்தும் சொன்னார். சொல்லிச் சொல்லி அது அவருக்கே நிஜமாகிவிட்டது.

பாலசுந்தரம் மண்டி வேலையை விட்டுத் தம் ஊரான தா.பழூர் பக்கம் போய்ப் பல வருஷம். ஒருநாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் செல்லக்கண்ணு பேச்சுவாக்கில் விசாரித்தார்.

"ஒங்க பழைய கணக்கரா? தொண்டையில கேன்சருங்க. ஆபரேஷன் பண்ணாங்க. போச்சு."

"அடடா" என்றார் செல்லக்கண்ணு. முதுகிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. அது துக்கம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பஸ் ஏறிவிட்டார்.

பிறகு கண் போயிற்று. கண்ணுக்குள் நீர் அழுத்தம் என்றார்கள் டாக்டர்கள். இரண்டே வருஷத்தில் பகல் சாம்பலானது, அப்புறம் அதுவும் இல்லை. வீட்டில் எதையாவது தட்டிவிட்டு, தட்டிவிட்டதற்கு எல்லோரையும் திட்டிக்கொண்டு இருந்தவரை, மருமகள் ஜெயசித்ராதான் ஸ்கூட்டியில் உட்கார வைத்து லைப்ரரிக்குக் கொண்டுவந்து விட்டாள். அங்கே தரைத்தளத்தில், கடைசி அறை, பார்வை இல்லாதவர்களுக்கு என்றே வைத்திருப்பது.

அந்த அறையைப் பார்த்துக்கொள்பவள் அனுசுயா. அவள் வைத்துக் கொடுத்தாள்: தாளை அடியில் வைத்தால் படம் பிடித்துப் படித்துக் காட்டும் மெஷின். தொட்ட எழுத்தைச் சொல்லும் கம்ப்யூட்டர். ரூபாய் நோட்டை மேலே வைத்து, நீளத்தைத் தடவி, நூறா ஐந்நூறா என்று கண்டுபிடிக்கிற பிளாஸ்டிக் அட்டை. காலேஜ் பையன்கள் ஒரு வாரம் திணறுவதை செல்லக்கண்ணு இரண்டு நாளில் கற்றுக்கொண்டார். மூன்றாம் நாள் அட்டையே வேண்டாம் என்றார், விரலே போதும்.

படிக்கும் மெஷினைத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. "இந்த அம்மாவுக்குக் கோவமும் தெரியல, சிரிப்பும் தெரியல. எழவு வூட்டுச் சேதியையும் கல்யாணப் பத்திரிகையையும் ஒரே மாதிரி படிக்குதே ஆயி!"

அனுசுயா சிரித்தாள். "மனுசங்க படிச்சு ரெக்கார்டு பண்ணினது இருக்குங்கய்யா. நம்ம ஊரு ஆளுங்களே வந்து படிச்சுக் குடுத்தது. கேக்குறீங்களா?" அப்படியே இன்னொன்றும் சொன்னாள். "உழைச்சு முன்னுக்கு வந்தவங்க கதைய அவங்க கொரல்லயே பதிஞ்சு வைக்கப் போறோம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நீங்கதான் மொதல்ல."

செல்லக்கண்ணுவுக்குத் தலை கால் புரியவில்லை. முதல் வாக்கியம் என்ன என்று யோசிக்கவே வேண்டியதில்லை. எட்டணா கை நீட்டாத வாசகம்தான். தாம் செத்த பிறகும் அந்த வாசகம் இந்த அறையில் பேசிக்கொண்டே இருக்கும்.

அனுசுயா பட்டன் வைத்த ஒலிப்பெட்டி ஒன்றை முன்னால் வைத்து, அவர் காதில் ஹெட்போனை மாட்டினாள். வெங்காயச் சாகுபடி பற்றிய புத்தகம். ஒரு நிமிஷம் வெறும் இரைச்சல். அப்புறம் ஒரு ஆண் குரல், கொஞ்சம் மூக்கால்.

"பக்கம் லாபம்."

செல்லக்கண்ணுவின் கை மேஜையில் அப்படியே நின்றது.

மண்டியில் மூட்டை எண்ணும்போது முதல் மூட்டையை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று கணக்கு போகும். வியாபாரம் செய்கிறவன் வாயில் பழகிய வார்த்தை அது. ஆனால் புத்தகத்தின் முதல் பக்கத்தைக்கூட லாபம் என்று சொல்லக்கூடிய வாய் இந்தப் பூமியில் ஒன்றுதான். அந்த வாய் தொண்டைப் புற்றில் வெந்துபோய் வருஷக்கணக்காகிறது.

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. குரல் நிதானமாகப் படித்துக்கொண்டே போனது. நாற்று, பாத்தி, உரம். பிறகு ஒரு கணக்கு வந்தது. ஏக்கருக்கு எவ்வளவு, மூட்டைக்கு எவ்வளவு என்று. "நாப்பத்தி ஏழு, நாப்பத்தி எட்டு…" குரல் தடுமாறியது. பட்டென்று ஒரு கைத்தட்டல். காதுக்குள்ளேயே தட்டியது போல. பிறகு அதே குரல், புத்தகக் குரல் இல்லை, பக்கத்தில் நின்று கேட்கிற குரல்:

"செல்லக்கண்ணு, எத்தனையாவது மூட்டைடா?"

அதற்குப் பிறகு மூச்சு மட்டும். பதிலுக்குக் காத்திருக்கிற மூச்சு.

பட்டனைத் தடவிப் பின்னால் ஓட்டினார். மறுபடி கைத்தட்டல். மறுபடி கேள்வி. மூன்றாவது தடவையும் அதே. மண்டியில் கணக்கு விட்டுப்போனால் பாலசுந்தரம் இப்படித்தான் கேட்பார். முதுகுச் சுமையோடு செல்லக்கண்ணு பதில் சொல்வார். இப்போது இரண்டாயிரத்து நானூறு ரூபாய், எழுபது வயசு மனிதரின் முதுகில் மூட்டையாக மறுபடி ஏறிக்கொண்டது.

யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் வந்தார். வராமல் இருக்க முடியவில்லை. அதே புத்தகம், அதே இடம், அதே கேள்வி. கண் இருந்த காலத்தில் எந்தப் புளியமரத்தடியிலும் பயப்படாமல் லாரி ஓட்டிய ஆள், மின்விசிறி சுற்றுகிற அறையில், பட்டப்பகலில், ஹெட்போனைக் கழற்றவும் துணியாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஈரம் வந்தது, துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது. பெட்டி நின்றது. அனுசுயா ஜெனரேட்டரைப் போடச் சொல்லி வெளியே போயிருந்தாள். அந்த அமைதியில், மேஜைக்கு எதிர்ப்பக்கம், யாரோ மூச்சு விடுவது கேட்டது.

ஹெட்போனைக் கழற்றினார். மூச்சு நிற்கவில்லை.

"யாருங்க?"

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார்.

கண் போன பிறகு செல்லக்கண்ணுவுக்குக் காதே தராசாகிவிட்டது. எதிரில் இருக்கிறவர் குட்டையா நெட்டையா என்று மூச்சை வைத்தே சொல்வார். இந்த மூச்சு முகம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வரவில்லை. அதற்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே எங்கிருந்தோ வந்தது. துணி வழியாகக் காற்று போய் வருகிற சத்தம். மூக்கு இல்லாத, வாய் இல்லாத ஒன்று மூச்சு விட்டால் இப்படித்தான் இருக்கும்.

"யாரு? பேசுங்க. வெளையாடாதீங்க." கையை நீட்டினார். மணிக்கட்டில் சூடாகக் காற்று பட்டது. விட்டது. மறுபடி பட்டது.

"கணக்கரய்யா…" என்று அவர் வாய் தானாகச் சொன்னது.

பட்டென்று ஒரு கைத்தட்டல்.

நாற்காலி பின்னால் சாய, செல்லக்கண்ணு சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார். "தந்துடுறேங்கய்யா! சத்தியமா தந்துடுறேன்! செத்தவங்கள ஏமாத்தணும்னு நெனைக்கலய்யா!"

அனுசுயா ஓடி வந்தாள். "அய்யா! என்னாச்சு? ஏன் இப்படி நடுங்குறீங்க?"

"எதிர்ல… எதிர்ல யாரு ஆயி?"

"பாலசுந்தரம் சாருங்க. தெனம் எங்களுக்கு ஒத்தாசையா வந்து உங்க எதிர்லதான உக்காந்திருக்காரு? தெரியாதா? பெரம்பலூர்ல மக வூட்டோட வந்துட்டாரு. நீங்க கேக்குறது பூரா ஆபரேஷனுக்கு முன்னாடி அவரு இங்க வந்து படிச்சதுதான்; கணக்கு வந்த எடத்துல பழைய மண்டி நெனப்புல ஏதோ கேட்டுட்டாரு, அத வெட்டாம விட்டுட்டோம். அதுக்கப்பறம் கொரல் பெட்டிய எடுத்துட்டாங்க. கழுத்துல ஓட்டை போட்டிருக்கு, அது வழியாத்தான் மூச்சு. பேச முடியாது. யாரையாவது கூப்புடணும்னா கைதான் தட்டுவாரு."

போச்சு என்று தா.பழூர்க்காரர் சொன்னது குரலை. செல்லக்கண்ணு வசதியாக ஆளையே அனுப்பிவிட்டிருந்தார்.

எதிர்ப்பக்கம் செல்போனில் விரல் தட்டும் சத்தம். பிறகு, படிக்கும் மெஷினில் பேசுகிற அதே அம்மாவின் குரல், ஏற்றம் இறக்கம் இல்லாமல்:

"டேய் செல்லக்கண்ணு. நான் சாவலடா."

செல்லக்கண்ணுவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "பொம்பளக் கொரல்ல டேய்ங்கிறீங்களேய்யா…"

"எனக்கே கூச்சமாத்தான் இருக்கு. வேற கொரல் இல்ல."

விரல் தட்டிற்று. மெஷின் அம்மா தொடர்ந்தாள். "ஒம்போது நாளா பாக்குறேன். என் கொரலக் கேட்டு நீ அழுத. வெளிய வந்ததும் எல்லார்கிட்டயும் எட்டணாக் கதையச் சொன்ன. கடன நீயா சொல்றியான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அந்தக் குரலுக்குக் கோபம் தெரியாது என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வட்டியோட தரேங்கய்யா. லட்சமாத் தரேன். இப்பவே மண்டியில சொல்லி…"

"லட்சம் யாரு குடுத்தா ஒனக்கு? ரெண்டாயிரத்தி நானூறு குடுத்தேன். அதக் குடு. எண்ணிக் குடு. சத்தமா."

"எங்கங்கய்யா?"

"நாளைக்கு ரெக்கார்டு பண்ற ரூம்ல. மைக் முன்னாடி."

மூன்று லாரியும் இரண்டு மாடியும் அந்த எட்டணா வாசகத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தன. அதை எடுத்துவிட்டால் மிச்சம் யார்? சாக்கு மறைவில் துண்டை விரித்து நின்ற ஒரு ஆள். அனுசுயா மூச்சு விடாமல் நின்றாள். எதிரில் மட்டும் அந்தக் கீழ்மூச்சு, போய் வந்து கொண்டிருந்தது.

திரும்பும்போது ஸ்கூட்டியில் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "ஜெயசித்ரா, நூறு ரூவா நோட்டா இருவத்தி நாலு எடுத்து வையி."

"எதுக்கு மாமா?"

அவர் சீட்டில் விரலால் எண்ணித் தட்டிக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை. ரெக்கார்டிங் அறை என்பது பழைய பேப்பர் கட்டு வைக்கிற சின்ன அறை; சுவரெல்லாம் தெர்மாகோல் ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தியதும் காதை யாரோ பொத்தியது போல வெளியுலகம் அற்றுப்போனது. தம்முடைய மூச்சு ஒன்று, கழுத்து உயரத்தில் இன்னொன்று. அவ்வளவுதான் கேட்டது.

"ஆரம்பிச்சிடுச்சுங்கய்யா" என்றாள் அனுசுயா. "நீங்க பேசலாம்."

செல்லக்கண்ணு தொண்டையைச் செருமினார். நாக்கு நுனியில் எட்டணா வாசகம் தயாராக நின்றது. அதை விழுங்கினார்.

"என் பேரு செல்லக்கண்ணு. வாலிகண்டபுரம். வெங்காய மண்டி கணக்கரு பாலசுந்தரம் அய்யாவுக்கு நான் ரெண்டாயிரத்தி நானூறு ரூவா தரணும். அந்தக் காசுலதான் என் மொத வண்டி வந்துச்சு. அவரு செத்துட்டாருன்னு நெனச்சு சந்தோசப்பட்டேன்."

சொல்லிவிட்டு எதிரே கையை நீட்டினார். தேடவே வேண்டியிருக்கவில்லை. விரிந்த உள்ளங்கை ஒன்று, ஜில்லென்று, அங்கே காத்திருந்தது. நடுவிரலில் பேனா பிடித்த காய்ப்பு இன்னும் இருந்தது.

அவர் நோட்டை ஒவ்வொன்றாக விரலால் நீளம் பார்த்து வைத்தார். எண்ணுகிற வேலை எப்போதும் கணக்கருடையது. தூக்கி வைப்பது மட்டும்தான் செல்லக்கண்ணுவுடையது. இன்று இரண்டும் ஒருவர் தலையில்.

"லாபம்" என்றார். எதிரே இருந்த மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு வந்தது. "ரெண்டு. மூணு. நாலு…"

அறைக்குள் அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. ஏற்கெனவே பெட்டிக்குள் போய்விட்ட குரல் மாதிரி. பத்தாவது நோட்டில் எதிர்க் கை நோட்டுகளைத் தட்டி அடுக்கிக்கொண்டது. பதினெட்டாவதை அவர் இரண்டு தடவை நீளம் பார்த்தார்.

"இருவத்தி ரெண்டு. இருவத்தி மூணு."

நிறுத்தினார். காதில் ஹெட்போன் இல்லை. பெட்டி பக்கத்து அறையில், பூட்டி இருந்தது. ஆனாலும் மூக்கால் பேசுகிற அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது: செல்லக்கண்ணு, எத்தனையாவது மூட்டைடா?

"இருவத்தி நாலுங்கய்யா" என்று சொல்லி, கடைசி நோட்டை அந்த உள்ளங்கையில் வைத்தார்.