விக்கல் பாட்டு

உன் மருமகனும் அந்த சிடிப் பெட்டியைத்தான் வாங்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறானா? நல்லா கேட்ட போ, அஞ்சலை. வா, இப்படி உக்காரு. உள்ள டமார் டமார்னு கேக்குதே, அதேதான். எங்க சேகரு போட்டு விட்டுட்டு லோரி கழுவப் போயிட்டான். கோசு ஏத்திக்கிட்டு கோலாலம்பூர் போனவன், போன மாசம் இதையும் தூக்கிட்டு வந்து நடு வீட்டுல வச்சான். அந்த வெள்ளக்கார பேண்டு ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாடுன அத்தனையும் ஒரே பெட்டியிலயாம். செங்கல்லு கனம். குசினிக் கூரைத் தகரம் ஒழுகுது, இதுக்கு இப்ப என்னடா அவசரம்னு வண்டி வண்டியா வஞ்சேன்.

பாட்டுக்காகன்னா வாங்க வேணாம்லா, இப்பவே சொல்லிடறேன். பாதி ஊளை. சடை முடியோட அவனுங்க நின்னு படம் புடிச்ச புத்தகம் ஒண்ணு இருக்கு, முறுக்குச் சட்டி மூடத்தான் ஆகும். கடைசி சிடி இருக்கே, அதுல ஒரே பாட்டைத் தப்புந் தவறுமா மறுபடி மறுபடி பாடி, அதையும் சேத்து விக்கிறானுங்க. ஒத்திகையாம். நம்ம கோயில் உருமி மேளக்காரன் ஒத்திகையை எவனாவது காசு குடுத்துக் கேப்பானா?

ஆனா கேளு. அன்னிக்கு நான் கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தேன். உள்ள ஒரு பாட்டு ஓடுது. அந்த ஆளு கத்திக்கிட்டே வர்றான், திடீர்னு பாதி வார்த்தையில டக்குனு நின்னுச்சு. ஒரு மூச்சு சத்தமே இல்ல. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி வேற வேகத்துல ஓடுது. என் கையில இருந்த கீரை கீழ விழுந்துருச்சு.

அது எங்க விக்கல் பாட்டுடீ!

உனக்குத் தெரியாது, நீ கம்போங் ராஜாவுல இருந்து வாக்கப்பட்டு வந்தவ. மேல ஓட்டலாக்கி வச்சிருக்கானே பங்களா, டூரிஸ்ட்டு வந்து கேக்கு தின்னுறானே, அதுல அப்ப தேயிலைத் தோட்டத்துத் தொரை இருந்தாரு. எங்கம்மா அங்க ஆயா. மழை பனி படாத வேலை. நானும் பின்பக்கத்துப் படியில உக்காந்துருப்பேன், ரொட்டி ஓரம் கிடைக்கும். அந்த ரொட்டி இருக்கே, இப்ப தானா ராத்தா டவுனுல விக்கிறானே அந்தப் பஞ்சு இல்ல... சரி, அதை விடு.

தொரசானி சீமைக்குப் போயிட்டு வர்றப்போ இந்தப் பாட்டு பிளேட்டைக் கொண்டாந்தா. ஞாயித்துக்கிழமை பகல் விருந்து, பக்கத்து எஸ்டேட் தொரைங்க எல்லாம் வந்துருக்காங்க. பிளேட்டை மொதமொதலா உறையில இருந்து எடுத்து, தொடைச்சுக் குடுன்னு எங்கம்மாகிட்டதான் குடுத்தா. அம்மா பழஞ்சேலைத் துணியால பூவைத் தொடுற மாதிரி தொடைச்சுக் குடுத்துச்சு. ஊசியை வச்சாங்க. பாடுச்சு, பாடுச்சு, டக். விக்கிருச்சு. வந்தவங்க கொல்லுன்னு சிரிச்சுட்டாங்க. தொரசானி முகம் தக்காளியாட்டம் ஆயிருச்சு. பார்வை நேரா அம்மா கைக்குப் போச்சு. ரெண்டு கையிலயும் கண்ணாடி வளையல்.

"வளேல்! உன் வளேல் கீறிச்சு!"ன்னு அவ தமிழ்ல கத்துனா.

"இல்லீங்கம்மா, மெதுவாத்தான் தொடைச்சேன்"னு அம்மா சொல்லுச்சு. அவ்வளவுதான் அது பேசுனது. மறுநாள் கங்காணி வந்து மலைக்குக் கூப்பிட்டான். அதுலருந்து சாகுற வரைக்கும் அட்டைக்கடியிலயும் ஈரத்துலயும் கொழுந்து பறிக்கிற வேலை.

அந்தப் பிளேட்டைத் தூக்கிப் போட்டாங்களா? இல்லயே! தொரை தினம் போட்டுக் கேட்டாரு. லயத்து வீட்டுப் புள்ளைங்க நாங்க வேலிக்கு வெளிய ஓடி விளையாடுவோம். விக்கல் வர்ற இடத்துல அசையாம நிக்கணும், அசைஞ்சவ அவுட்டு. அம்மா கூடையோட அந்தப் பக்கம் வந்தா மட்டும் நிறுத்திருவோம். அந்தச் சத்தம் கேட்டா அது முகம் செத்துரும்.

விருந்தன்னிக்கு அம்மா, தொடைச்ச அந்த வலது கை வளையலைக் கழட்டுனதுதான், திரும்பப் போடவே இல்ல. லயமே பேசுச்சு. "புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில ஒத்தக் கையை மொட்டையா வச்சிருக்காளே"ன்னு எங்க அப்பாயி பொங்கலுக்குப் பொங்கல் வளையலைக் கொண்டாந்து சண்டை போடும். அம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லும்: "கீறுன கை அத்தே. வேணாம்." என் கல்யாணத்துக்குக் கூடப் போடல. அப்பாவுக்கு முன்னாடியே போய்ச் சேந்துச்சு. சுமங்கலின்னு குளிப்பாட்டி வளையல் போட்டாங்க. வெறச்ச கையில ஏறல, எண்ணெய் தடவி ஏத்துனாங்க. செத்த பிறகுதான் அந்தக் கைக்கு வளையல் வந்துச்சு.

அதான் சேகரைக் கூப்பிட்டு, "டேய், இது கீறுன தட்டு, திருப்பிக் குடுத்துடு"ன்னேன். அவன் சிரிக்கிறான். "அம்மா, இன்னிக்குத்தான் உறையே பிரிச்சேன். கீறுறதுக்கு இதுல ஊசியும் கிடையாது. அந்தப் பாட்டே அப்படித்தான், வேணும்னே வெட்டி வச்சிருக்காங்க." நான் நம்பல. கடைசி சிடியைப் போட்டான். அந்த ஒத்திகையில அதே பாட்டு, விக்காம நேரா ஓடுது! "பாத்தியா, அப்புறமாத்தான் வெட்டிருக்கானுங்க. அது ஒரு ஸ்டைலும்மா."

ஸ்டைலாம்! சீமையில எவனோ ஸ்டைலுக்கு வெட்டுனான், இங்க எங்கம்மா கை மொட்டையாச்சு. அவ ஊரு பாட்டுதானே, அந்தத் தொரசானிக்கே தெரியலையே! ஈப்போ டவுன் கடையில இதே பாட்டு இன்னொரு பிளேட்டை ஒரு தரம் போட்டுக் கேட்டிருந்தா? கேப்பாளா? வளையல் போட்ட கை பக்கத்துலயே இருக்கையில எதுக்குக் கேக்கணும்? எங்கம்மாவே நம்பிருச்சு பாரு, தன் கைதான் கீறுச்சுன்னு. இப்ப யாரு சட்டையைப் போயி புடிக்கிறது? அதான் தினம் சாயங்காலம் பங்களாப் பக்கத்து சன்னலைத் தொறந்து வச்சுப் போடச் சொல்லிருக்கேன். ஓட்டல்காரன் ஆளனுப்புனான், கெஸ்ட்டுக்குத் தொந்தரவாம். "ஸ்டைலுன்னு போயி சொல்லுடா"ன்னு திருப்பி அனுப்பிட்டேன். அவன் முழிச்ச முழி இருக்கே, ஹா!

உன் மருமகனுக்கு எதுக்கு அந்தப் பெட்டி? கேக்கணும்னா இங்க வரட்டும், டீ போட்டுத் தர்றேன். எனக்குன்னா, இதைவிடக் கூட விலை கேட்டாலும் குடுத்து வாங்குவேன்.

இரு, பேசாத. இந்தா வருது... டக்! கேட்டியா? எட்டிப் பாரு அஞ்சலை, தட்டுகிட்ட யாராவது நிக்கிறாங்களா? ஒரு கை, ஒரு வளையல்? ஒருத்தரும் இல்ல பாரு. நல்லா பாத்து... அய்யய்யோ, பனி இறங்கிருச்சே, கொடியில துணியெல்லாம் கிடக்குது! நகரு, நகரு!